பின் சில்லின் சத்தமும் ஆட்டமும்: பழைய வாகனம் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



ஊரை விட்டு எழும்பி வந்த விவசாயக் குடும்பத்துக்கு முதலில் ஏற்படும் மாற்றம் தூரம் ஆகும். பழைய ஊரில் வாசற்படியிலிருந்து இறங்கினால் வயல். புதிய இடத்தில் வீடு ஓரிடம், விளைநிலம் ஓரிடம், சந்தை இன்னோரிடம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காக 1980களில் தெல்தெனியாவின் பழைய பட்டினமும் வயல்களும் நீரில் மூழ்கியபோது பலருக்கு இதுவே நடந்தது. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து கண்டிப் பக்கம் வந்தவர்களுக்கும் இதுவே நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையினால் மலைச்சரிவுகள் இடிந்து வீடிழந்தவர்களுக்கும் இதுவே நடக்கிறது.

இந்தத் தூரத்தைக் கடக்கப் பல குடும்பங்கள் சேர்ந்தோ தனித்தோ ஒரு பழைய வாகனத்தை வாங்குகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆகையால் 30, 40 வருடங்கள் ஓடிய வாகனங்களும் இன்று கைமாறுகின்றன. நகையை ஈடு வைத்து வாங்கிய அந்த வாகனத்தில் காலையில் மரக்கறி ஏறுகிறது. பின்னேரம் பிள்ளைகள் ஏறுகிறார்கள். எனவே அதன் சில்லு உறுதியாக இருக்கிறதா என்பது குடும்பத்தின் வருமானத்தையும் உயிரையும் சேர்ந்த கேள்வி.

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் மூன்று காரியங்களை அறிந்திருப்பீர்கள்:

1. பின் சில்லுப் பக்கத்துச் சத்தங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல்.
2. சில்லில் ஆட்டம் இருக்கிறதா, அது எந்த இடத்து ஆட்டம் என்று கண்டுபிடித்தல்.
3. எதை நாமே செய்யலாம், எதைப் பாஸிடம் கொடுக்க வேண்டும், எப்போது வாகனத்தை ஓட்டவே கூடாது என்று தீர்மானித்தல்.

இரண்டு சம்பவங்கள்

முதலாவது சம்பவம். மண்சரிவுக்குப் பின் குண்டசாலைப் பக்கம் வாடகை வீட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தினரிடம் டீ.எக்ஸ். வேகன் ஒன்று இருந்தது. பின்பக்கத்திலிருந்து "ஊ..." என்று பெரிய இரைச்சல். வேகம் கூடக்கூட இரைச்சலும் கூடியது. முன்னே இருப்பவர் பின்னே இருப்பவரோடு கதைக்க முடியாத அளவு சத்தம். ஒரு கராஜில் காட்டினார்கள். இரண்டு பக்கப் பெயாரிங்குகளும் மாற்றப்பட்டன. சத்தம் போகவில்லை. "அப்படியானால் டிப்ரன்சல்தான், பாவித்த ஒன்றை வாங்கிப் போடுவோம்" என்றார்கள். அதற்காகக் கடன் கேட்டுத்தான் குடும்பத்தலைவர் எங்களிடம் வந்தார்.

பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அன்று எங்களோடு இருந்தார். அவர் வாகனத்தை ஓட்டிப் பார்க்கவில்லை. பின் டயரின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தடவினார். "தம்பி, நீங்களும் தடவிப் பாருங்கள். பாத்தி கட்டின மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது" என்றார். ஷொக் அப்சோபர் பழுதடைந்ததால் டயர் துள்ளித் துள்ளித் தேய்ந்திருக்கிறது. இரண்டு பின் டயர்களையும் முன்னுக்கு மாற்றினோம். சத்தமும் முன்னுக்குப் போனது. டிப்ரன்சலுக்கு ஒன்றுமில்லை. பெயாரிங்குகளுக்கும் ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டாவது சம்பவம் என்னுடையது, பிழையும் என்னுடையதே. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் எனது மொரிஸ் மைனரின் ரிம்களுக்கு நானே வர்ணம் பூசினேன். அழகாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று தடவை தடிப்பாகப் பூசினேன். நட் உட்காரும் குழிகளிலும் வர்ணம் படிந்தது. சில்லுகளைப் பூட்டி, தங்கச்சி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மகியங்கனை வீதியில் புறப்பட்டேன். தெல்தெனியா தாண்டியபின் மெதுவாகப் போகும்போது மட்டும் "டக்... டக்..." என்று மெல்லிய சத்தம் கேட்டது. வேகம் எடுத்தால் கேட்கவில்லை. டயரில் கல் சிக்கியிருக்கும் என்று எண்ணினேன். "மச்சான், பின்பக்கம் இலேசாக ஆடுகிறது போல" என்று தங்கச்சியின் கணவர் சொன்னார். "பழைய கார் அப்படித்தான்" என்றேன்.

ஹுன்னஸ்கிரியவில் வாகனம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தபோது இடது பின் சில்லு கழன்று எங்களை முந்திக்கொண்டு ஓடியது. கார் பிரேக் டிரம்மில் உட்கார்ந்து, மலைப்பக்கக் கானில் சாய்ந்து நின்றது. அந்தச் சில்லுக்கு நேர் மேலே இருந்தவள் என் மருமகள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சிறிது தூரம் போயிருந்தால் உடுதும்பறைக்கு அப்பால் பதினெட்டு வளைவு இறக்கம். அதை நினைக்க இன்றும் உடல் நடுங்குகிறது.

நடந்தது இதுதான். நட்டுக்கும் ரிம்முக்கும் இடையில் இருந்த வர்ணம், ஓட ஓட நசிந்து உதிர்ந்தது. அந்த இடைவெளி அளவுக்கு நட் தளர்ந்தது. தளர்ந்த நட் மேலும் தளர்ந்தது.

இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய சத்தம் போட்ட வாகனத்தில் ஆபத்து சிறிது; பணம்தான் வீணானது. மெல்லிய சத்தம் போட்ட வாகனத்தில் உயிரே போயிருக்கும். சத்தத்தின் பருமனைக் கொண்டு ஆபத்தை அளக்கக்கூடாது. சத்தம் எங்கிருந்து வருகிறது, அதோடு ஆட்டமும் சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. இதுவே இப்பாடத்தின் சாரம்.

பின் சில்லைத் தாங்குவது எது?

மாட்டு வண்டியை அறிந்தவருக்கு இது புதிதல்ல. அச்சு, குடம், கடையாணி ஆகிய மூன்றும் காரிலும் உண்டு. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழி காருக்கும் பொருந்தும். பின் சில்லால் இழுக்கும் பழைய வாகனங்களில் நடுவே உருண்டையாக இருப்பது டிப்ரன்சல். அதிலிருந்து இரு பக்கமும் குழாய் போன்ற கூடு நீளும். கூட்டுக்குள் அக்சல் என்னும் இரும்புத் தண்டு சுழன்று சில்லைத் திருப்பும். சில்லு வழுக்கிச் சுழல்வதற்கு முனையில் பெயாரிங் இருக்கும்.

பெயாரிங் இருக்கும் முறை எல்லா வாகனங்களிலும் ஒன்றல்ல.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் இவ்வாகனத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றால், 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் இங்கேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. 1950களில் இருந்து வந்த மைனர்களில் சில்லின் குடம் பெயாரிங்கோடு கூட்டின் முனையில் உட்கார்ந்திருக்கும். பெரிய நட் ஒன்று அதைப் பிடித்திருக்கும். அக்சல் வெளியிலிருந்து குடத்தோடு பூட்டப்படும். பெரிய நட் தளர்ந்தாலும் பெயாரிங் தேய்ந்தாலும் சில்லு மேலும் கீழும் ஆடும்.

டீ.எக்ஸ். வேகன் போன்ற ஜப்பானிய வாகனங்களில் பெயாரிங் அக்சல் மேலேயே அழுத்திப் பூட்டப்பட்டிருக்கும். அதன் உட்பக்கம் ஒரு இரும்பு வளையம் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். பெயாரிங் நழுவாமல் பிடிப்பது அந்த வளையமே. அது தளர்ந்தால் அக்சலும் சில்லும் சேர்ந்தே வெளியே வரலாம். அப்போது நட்டுகள் எல்லாம் இறுக்கமாகவே இருக்கும். ஆகவே "நட் இறுக்கமாக இருக்கிறது, பயமில்லை" என்று முடிவு செய்யக்கூடாது.

மாருதி 800 போன்று முன் சில்லால் இழுக்கும் கார்களில் பின்பக்கம் டிப்ரன்சலும் இல்லை, அக்சலும் இல்லை. பின் சில்லு வெறுமனே உருளும். அங்கு "ஊ" என்று கேட்டால் டயர் அல்லது பெயாரிங் என்ற இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்டல்

முதலில் வாகனத்தின் பின்பெட்டியை வெறுமையாக்குங்கள். ஜாக், மண்வெட்டி, வெற்று டின், மாற்றுச் சில்லு ஆகியவை போடும் சத்தத்துக்காக கராஜுக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் ஆசனத்தில் இருந்து கேட்கட்டும். ஓட்டுபவர் வீதியைத்தான் பார்க்க வேண்டும். காது கொடுப்பது மற்றவரின் வேலை.

1. வேகத்தோடு கூடும் இரைச்சல் ("ஊ..."): தார் புதிதாகப் போட்ட வீதியில் குறைந்து, கரடான வீதியில் மாறினால் அது டயர். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். முன் பின் மாற்றிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் சந்தேகமே இல்லை.

வீதி மாறியும் சத்தம் மாறாவிட்டால் வளைவுகளில் கவனியுங்கள். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சில்லுகளின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது பெயாரிங். இதற்காக வேகமாக வளைக்க வேண்டியதில்லை. வழக்கமான ஓட்டமே போதும்.

2. காலை எடுத்தால் மாறும் இரைச்சல்: எக்சலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்றால் அது டிப்ரன்சல் பற்சக்கரத்தின் சத்தம். முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மெல்லிய ஊளை வருடக்கணக்காக மாறாமல் இருக்கலாம். நாளுக்கு நாள் கூடினால் பாஸிடம் காட்டுங்கள்.

3. எண்ணக்கூடிய சத்தம் ("டக்... டக்..."): நடை வேகத்தில் ஓட்டுங்கள். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, வெளியே கூட நடப்பவர் கோடு சுற்றிவருவதை எண்ணட்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் சத்தம் சில்லிலோ டிரம்மிலோ இருக்கிறது. டயரில் சிக்கிய கல், தளர்ந்த நட், வெடித்த ரிம், கழன்ற சில்லு மூடி என்று பாருங்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது கியர்பெட்டியிலிருந்து பின்னுக்கு வரும் நீண்ட தண்டு சுமார் 4 தடவை சுற்றும். ஆகவே சத்தம் அந்த அளவு விரைவாக வந்தால் தண்டையும் அதன் ஜொயின்டுகளையும் பாருங்கள்.

4. புறப்படும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே ஒரு "டக்": தண்டின் ஜொயின்ட் தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம், சில்லு நட்டும் தளர்ந்திருக்கலாம். மூன்றாவதை முதலில் பாருங்கள். அதைப் பார்க்கச் செலவில்லை. பார்க்காவிட்டால் வரும் நட்டமே மிகப் பெரியது.

5. பிரேக் மிதிக்கும்போது உராயும் சத்தம்: பிரேக் லைனிங் தேய்ந்து ரிவிட் ஆணி டிரம்மைக் கீறுகிறது. மிதிக்காதபோதும் உராய்ந்தால் ஷூ விடுபடாமல் இருக்கலாம் அல்லது பெயாரிங் ஆட்டத்தினால் டிரம் சாய்ந்து உரசலாம்.

6. குழியில் விழும்போது "டொக்": பட்டை ஸ்பிரிங்கின் புஷ், ஷொக் அப்சோபர், ஒடிந்த பட்டை என்று பாருங்கள். ஒடிந்த பட்டையைக் கண்ணாலேயே காணலாம். வாகனம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ரப்பர் புஷ் கிறீச்சிட்டால் என்ஜின் ஒயில் ஊற்ற வேண்டாம். ஒயில் ரப்பரைத் தின்றுவிடும்.

சூட்டையும் பாருங்கள். ஏற்ற இறக்கம் குறைந்த வீதியில் 10 கிலோமீற்றர் அளவு ஓட்டி, பிரேக்கை அதிகம் பாவிக்காமல் நிறுத்துங்கள். சில்லின் நடுவுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். உடனே தொட வேண்டாம். ஒரு பக்கம் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பெயாரிங் கெட்டிருக்கிறது. கடுகண்ணாவை இறக்கம் போன்ற இடத்தில் இறங்கியதும் இதைச் செய்தால் பலனில்லை. எல்லாச் சில்லும் சுடும்.

ஜாக் வைக்குமுன்

மலைநாட்டில் சமதரை கிடைப்பது கடினம். எனினும் சமதரை தேடாமல் ஜாக் வைக்க வேண்டாம். பழைய வாகனங்களில் கைப்பிரேக் பின் சில்லைத்தான் பிடிக்கும். பின் சில்லை உயர்த்திய பின் கைப்பிரேக்கை நம்பக்கூடாது.

• முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வையுங்கள்.
• சில்லு நட்டுகளைக் கழற்றும் தேவை இருந்தால், சில்லு தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.
• ஈரமண்ணில் ஜாக் புதையும். அதன் கீழே தடித்த பலகை வையுங்கள்.
• உயர்த்தியதும் அக்சல் கூட்டின் கீழே உறுதியான ஸ்டாண்ட் அல்லது அகலமான மரக்குற்றி கொடுங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென நொருங்கும். அவற்றை வைக்க வேண்டாம்.
• ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வாகனத்தின் கீழே போகக்கூடாது. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

ஆட்டத்தைத் தேடுதல்

முதலாவது சோதனை. சில்லின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து, மேலே தள்ளும்போது கீழே இழுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். நல்ல சில்லு அசையாது. "கடக்" என்று கையில் தட்டினால் ஆட்டம் உண்டு.

இரண்டாவது சோதனை. ஆட்டம் தெரிந்தால், இன்னொருவர் பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கட்டும். நீங்கள் மறுபடியும் ஆட்டிப் பாருங்கள். டிரம் பிரேக் உள்ள வாகனத்தில், மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் பெயாரிங் பக்கம். மிதித்தும் ஆட்டம் இருந்தால் சில்லு டிரம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது முழு அக்சல் கூடும் ஸ்பிரிங் புஷ்ஷோடு சேர்ந்து ஆடுகிறது. டிரம்மின் பின்னால் இருக்கும் தகடு அசைகிறதா என்று ஒருவர் பார்த்தால் இது தெளிவாகும்.

மூன்றாவது சோதனை. சில்லை இரு பக்கமும் பிடித்து நேராக வெளியே இழுத்து உள்ளே தள்ளுங்கள். நட்டுகள் இறுக்கமாக இருந்தும் சில்லு வெளியே வருவதாக உணர்ந்தால், அக்சலைப் பிடிக்கும் வளையமோ பெயாரிங்கோ போய்விட்டது என்று எண்ணி வாகனத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான்காவது சோதனை. கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இறக்கி, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மற்றக் கையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் கையில் தெரிந்தால் பெயாரிங் கெட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கியரில் விட்டு ஒரு பின் சில்லை முன்னும் பின்னும் திருப்பினால் சிறிதளவு வெற்று அசைவு இருக்கும். அது டிப்ரன்சல் பற்களுக்கு இடையே உள்ள இயல்பான இடைவெளி. அதைக் காட்டி "சில்லு ஆடுகிறது" என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம்.

சில்லின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஒயில் வழிந்து டிரம்மும் டயரும் நனைந்திருந்தால் ஒயில் சீல் போயிருக்கிறது. ஒயில் பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊத வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம்; அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

நட் பூட்டும் முறை

சிறியதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் நான் தவறினேன்.

1. ரிம்மின் துளைகளையும் நட் உட்காரும் குழிகளையும் துருவும் வர்ணமும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.
2. கூம்பு முனை உள்ள நட் என்றால் கூம்புப் பக்கம் ரிம்மை நோக்கி இருக்க வேண்டும்.
3. எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் பூட்டுங்கள். விரலுக்கு ஏறாத நட்டை ஸ்பேனரால் வலிந்து ஏற்ற வேண்டாம்.
4. ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்து இறுக்கிக் குறுக்குக் குறுக்காகப் போங்கள். வரிசையாக இறுக்கினால் சில்லு சாய்ந்து உட்காரும்.
5. சில்லைத் தரையில் இறக்கியபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். கையின் முழுப்பலம் போதும். ஸ்பேனரில் ஏறி மிதித்தால் போல்ட் இழுபட்டு, பிறகு ஒருநாள் முறியும்.
6. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். டயர் ஒட்டுக் கடையில் பூட்டியிருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

நட்டைச் சுற்றித் துரு நிறத்தில் கீற்றுகள் ஓடியிருந்தால் அது தளர்ந்திருந்ததன் அடையாளம். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருந்தால் அந்த ரிம்மை இனிப் பாவிக்கக்கூடாது. எவ்வளவு இறுக்கினாலும் அது மறுபடி தளரும்.

வெள்ளத்தில் நின்ற வாகனம்

சில்லு மூடும் அளவு நீரில் நின்ற வாகனத்தில் சத்தம் உடனே வராது. சில வாரங்களின் பின் வரும். நீரோடு வந்த சேறு பெயாரிங்கின் கிரீஸைக் கெடுத்துத் துருப்பிடிக்கச் செய்யும். டிப்ரன்சல் கூட்டின் மேலே உள்ள சிறிய மூச்சுத் துவாரத்தால் நீர் உள்ளே போகும். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அதை முழுவதும் வடித்துப் புதிய ஒயில் ஊற்றுங்கள். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் விளிம்பு வரை மட்டும் ஊற்றுங்கள். கூடினால் சீல் வழியாகப் பிரேக்குக்குள் போகும். மூச்சுத் துவாரம் சேற்றால் அடைபட்டாலும் சூட்டில் அழுத்தம் கூடி இதேபோல் வழியும். அதையும் சுத்தம் செய்யுங்கள். டிரம்களைத் திறந்து சேற்றை நீக்காமல் மலை இறங்க வேண்டாம்.

பாஸிடம் கொடுக்கும்போது

பெயாரிங் மாற்றுவது வீட்டில் செய்யும் வேலையல்ல. ஆனால் சரியாகச் சொல்லவும் கேட்கவும் நமக்குத் தெரிய வேண்டும். "பின்பக்கம் சத்தம்" என்று சொல்லாதீர்கள். "இடது பின் சில்லு, பிரேக் மிதித்தால் ஆட்டம் நிற்கிறது, வலது பக்கம் திரும்பினால் இரைச்சல் கூடுகிறது" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்பவரிடம் தேவையற்ற சாமானை விற்பது கடினம். நல்ல பாஸுக்கும் வேலை இலகு.

• கழற்றிய பழைய பெயாரிங்கை உங்களிடம் தரச் சொல்லுங்கள். அதில் பொறித்த இலக்கத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள்.
• பெயாரிங்கோடு ஒயில் சீலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அக்சலை இறுக்கும் வளையம் உள்ள வாகனத்தில் வளையமும் புதிதாக இருக்க வேண்டும்.
• புதிய பெயாரிங் அக்சலில் தளர்வாக ஏறினால், அக்சலில் உளியால் புள்ளி குத்தி இறுக்குவது சிலரின் வழக்கம். அது சில நாட்களே நிற்கும். அக்சலையே மாற்ற வேண்டும்.
• மைனரின் குடத்தைப் பிடிக்கும் பெரிய நட்டைத் திருப்புமுன் மரையின் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது பக்கத்தில் மரை எதிர்த்திசையில் இருக்கலாம்.

ஓட்டக்கூடாத நிலைகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும், சந்தைக்கு நேரமாகிவிட்டாலும், வாகனத்தை எடுக்க வேண்டாம்: சில்லு வெளியே வந்து போகிறது; ஒரு போல்ட்டாவது முறிந்திருக்கிறது; ரிம் துளை நீண்டிருக்கிறது அல்லது ரிம் வெடித்திருக்கிறது; பெயாரிங்கில் ஆட்டமும் அரைபடலும் சேர்ந்திருக்கின்றன; பிரேக்கில் ஒயில் பட்டிருக்கிறது. ஒருநாள் மரக்கறி வாடுவது நட்டம்தான். அந்த நட்டத்தை அடுத்த அறுவடையில் ஈடு செய்யலாம்.

டயர் இரைச்சல், டிப்ரன்சலின் மெல்லிய ஊளை, புஷ்ஷின் கிறீச்சு ஆகியவற்றுக்குப் பணம் சேரும் வரை சிறிது பொறுக்கலாம். ஆயினும் வாரம் ஒருமுறை ஆட்டச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

1990களில் எரிபொருள் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிய சாமான் கிடைக்காத அக்காலத்தில் அவ்வாகனங்கள் ஓடியதற்கு ஒரு காரணம், அவற்றை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் கேட்டும் தொட்டும் அறிந்திருந்ததே. மாட்டின் நடையைப் பார்த்து அதன் நோயை அறியும் விவசாயிக்கு இந்த அறிவு கைக்கு எட்டாததல்ல. அன்று ஹுன்னஸ்கிரியவில் என் மச்சான் சொன்னதைக் கேட்டு இரண்டு நிமிடம் நிறுத்தியிருந்தால், ஸ்பேனர் ஒன்றே போதுமாக இருந்திருக்கும். உங்கள் வாகனத்தில் ஏறும் யாராவது "என்னவோ ஆடுகிறது" என்று சொன்னால், நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் கிராமத்தில் உள்ள பழைய வாகனங்கள் எவை? அவற்றில் பின் சில்லால் இழுப்பவை எவை, முன் சில்லால் இழுப்பவை எவை?
2. வேகத்தோடு கூடும் இரைச்சல் டயரா, பெயாரிங்கா என்று பணம் செலவழிக்காமல் அறிய எத்தனை வழிகள் இப்பாடத்தில் உள்ளன?
3. சில்லு ஆடுகிறது, பிரேக் மிதித்தாலும் ஆடுகிறது. எங்கெங்கே தேடுவீர்கள்?
4. நல்ல ஜாக், இரண்டு ஸ்டாண்ட், ஒரு வீல் ஸ்பேனர் ஆகியவற்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஒரு வீட்டில் வைத்துப் பாவிக்க முடியுமா? பொறுப்பை யார் ஏற்பார்?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து, நான்கு ஆட்டச் சோதனைகளையும் ஒவ்வொருவரும் தம் கையால் செய்யட்டும். பெண்களும் செய்ய வேண்டும். வழியில் வாகனம் நின்றால் அதில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம்.